அம்மா நின்ற தூணும் இரண்டு கண்ணாடிகளும்

செத்துப்போன அப்பாக்களைக் கல்யாண மேடையில் நிறுத்துவதுதான் ஸ்டூடியோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஆல்பம் தயாராகும் சமயத்தில் பெண் வீட்டிலிருந்து யாராவது ஒரு பழைய படத்தைக் கொண்டுவருவார்கள். மில் அடையாள அட்டையில் இருந்தது, யார் வீட்டுக் காதுகுத்திலோ ஓரமாக நின்றபோது விழுந்தது, இப்படி ஏதாவது. நான் அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டியெடுத்து, பட்டு வேட்டி உடுத்திய ஓர் உடம்பின் மேல் பொருத்தி, மணமகள் பக்கத்தில் நிற்கவைப்பேன். இராஜபாளையத்தில் எங்கள் ஸ்டூடியோவுக்கு அந்த வேலையில் நல்ல பேர். படத்தை வாங்கிப் பார்த்ததும் அழுவார்கள். அந்த அழுகையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

என் தங்கச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமானபோது அத்தை நேராக ஸ்டூடியோவுக்கே வந்தாள். எங்கள் அப்பாவின் அக்கா. கைப்பைக்குள்ளிருந்து அப்பாவின் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எந்தம்பிய நல்லா நெஞ்ச நிமித்தி நிக்க வையி. சட்டைப் பையில ஒரு பேனா இருக்கட்டும்."

"அப்பாவுக்கு எழுதத் தெரியாதே அத்தை."

"படத்துல தெரிஞ்சா ஒனக்கு என்ன கொறஞ்சா போகுது?"

ஸ்டூடியோ முதலாளியான அண்ணாச்சி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு, எந்த நினைப்பும் இல்லாமல் கேட்டேன். "அம்மாவ எந்தப் பக்கம் நிறுத்தட்டும்?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இது கூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறானே என்ற வியப்புதான் இருந்தது. "அவ எப்படிலே மேடையேறுவா? தாலி கெட்டுத நேரத்துல எதுத்தாப்புலகூட வரக் கூடாது. நானும் ஒங்க மாமாவும் தாரை வாத்துக் குடுக்கோம். ஒங்கம்மா பந்திப் பக்கம் பாத்துக்கிடட்டும்."

அவள் போன பிறகு நெடுநேரம் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனவருக்கு மேடையில் இடம் இருக்கிறது, சட்டைப் பையில் பேனாவும் உண்டு. அவர் போன பிறகு செட்டியார்பட்டித் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்து எங்கள் இருவரையும் ஆளாக்கியவள் மட்டும் அந்த நேரத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனை கல்யாணங்களுக்குப் படமெடுத்திருக்கிறேன், எத்தனை அம்மாக்கள் அப்படி நின்றிருப்பார்கள். கேமராவை நான் அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை.

அத்தை கெட்டவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டவளே அவள்தான். அதனால்தான் அவளை எதிர்ப்பது எனக்கு லேசான காரியமாக இல்லை.

கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அதற்கேற்ற வேலை கிடைக்காமல் ஸ்டூடியோவுக்குப் போனேன். பட்டப் படிப்பை முடித்துவிட்டுக் கண்ணாடித் துண்டு பொறுக்குகிறான் என்று தெருவில் சொன்னார்கள். பொறுக்கினேன்தான். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் மல்லிகை மொட்டின் காம்பு வாழைத்தண்டு அளவுக்குத் தெரியும். லென்ஸுக்குக் கீழே செல்போனைப் படுக்கவைத்து அதன் கண்ணாடி முகத்தில் மணமக்களின் பிம்பத்தை விழவைத்தால், வெறும் சிமென்ட் தரையில் நிற்கிறவர்கள் கண்மாய்த் தண்ணீரில் நிற்பது போல இருப்பார்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்தால் ஆளுக்குள் ஆள் நடந்து போவார். ஒவ்வொன்றையும் நானே சோதித்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். கண்ணாடியில் செய்தது என்று சொன்னதும், "இதுக்குத்தான் செல்லுலயே ஆப்பு இருக்கே தம்பி" என்பார்கள்.

இருக்கட்டும். செல்லில் செய்வதற்கு அந்த ஆள் அங்கே இருக்கவே வேண்டாம். கண்ணாடி வித்தைக்கு ஆள் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அந்த நொடி வேண்டும். இல்லாத ஒன்றைக் கண்ணாடியால் காட்ட முடியாது. இருப்பதை இடம் மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் குண்டூசிகளைக் குத்திவைத்துக் கோணம் அளந்தபோது அதை வெறும் பாடமாகத்தான் படித்தேன். விழுந்த கோணத்திலேயே ஒளி திரும்பும். சுமங்கலி மேல் பட்டு வந்த ஒளிக்கு ஒரு கோணம், தாலியறுத்தவள் மேல் பட்டு வந்த ஒளிக்கு வேறொரு கோணம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்படித்தான் எனக்கு அது தோன்றியது. அம்மா மேடை ஏற வேண்டாம். ஆனால் தாலி கட்டும் அந்த நொடியில், அந்தப் படத்தில், மகள் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஒட்டிவிட்டாப் போச்சு, டீ குடிக்கிற நேரத்து வேலை. அதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றார்.

"ஒட்டுறதா இருந்தா அவிய பந்திக் கூடத்துலதான நிப்பாவ அண்ணாச்சி? தாலி கெட்டுறதப் பாக்கவே மாட்டாவளே. கண்ணாடின்னா மண்டபத்துக்குள்ள வந்து நின்னாத்தான் அதுல விழுவாவ. மக மொகம் தெரியுத எடத்துல நிக்கணும்."

அண்ணாச்சி கையிலிருந்த லென்ஸைத் துடைத்து மூடினார். "ஒங்கத்தைகிட்ட எம் பேரச் சொல்லிராத" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்? நல்ல காரியத்துல ஒரு சொல்லு வந்துரக் கூடாது."

தங்கச்சி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "யம்மா, ஒன் வயித்துலதான பொறந்தேன்? அப்ப வராத தோசம் இப்பப் பக்கத்துல நின்னா வந்துருமாக்கும்?"

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு, "மேடையில ஏறக் கூடாதுன்னுதான சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"ஆமா."

"படத்துல நிக்கக் கூடாதுன்னு சொல்லலியே?"

"சொல்லல."

"அப்பச் சரி. எங்கன நிக்கணும்னு சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரத்தில், தறிக்கூடத்தில் சோதித்துப் பார்த்தோம். வாசலை ஒட்டித் தங்கச்சி நின்றாள், அதுதான் மேடை. பக்கவாட்டில், தறிக்கு அருகில் அம்மா. லென்ஸின் இடது பக்கத்தை மட்டும் மறைக்கும்படி பீரோக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்த்து நிறுத்தினேன். கண்ணாடி லென்ஸுக்கு அவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் அதன் ஓரம் கலங்கிப் புகை போலாகிவிடும். எங்கே நேர்க்காட்சி முடிகிறது, எங்கே பிம்பம் தொடங்குகிறது என்று தெரியாது. படம் பிடித்தேன். தங்கச்சி ஓடிவந்து கேமராத் திரையில் பார்த்தாள்.

"யாருண்ணே இந்தச் சேட்டு வீட்டம்மா?"

அம்மாதான். ஆனால் முந்தானை வலது தோளில் கிடந்தது. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. அதைவிட மோசம், மகளையே பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, படத்தில் மகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

"எங்கூடச் சண்ட போட்டுட்டு நிக்கவ மாதிரில்லா இருக்கு" என்றாள் தங்கச்சி.

கண்ணாடி இடம் வலம் மாற்றும். மூன்று வருடம் படித்தவன் நான், தேர்வில் எழுதியவன். வீட்டில் எத்தனையோ பொருளைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தவன். ஆனாலும் சேலை கட்டிய ஒரு பெண்ணைப் பிடித்துப் பார்க்காததால் அது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் முந்தானை எந்தத் தோளில் விழுகிறது என்பதைச் சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். அத்தை கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப நான் மாத்திக் கெட்டிக்கிடுதேன். செத்த நேரந்தான?" என்றாள் அம்மா. சொன்னதோடு நிற்காமல், தறிக்குப் பின்னால் போய் முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சேலைய மாத்துவ, மச்சத்த என்ன பண்ணுவ?" என்று தங்கச்சி கேட்டாள்.

ஒரு கண்ணாடி புரட்டிப் போட்டதை இன்னொரு கண்ணாடி திரும்பப் புரட்டும். அதற்கு இரண்டு கண்ணாடி வேண்டும், அதுவும் பீரோக் கண்ணாடி உதவாது. அதில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் முன்பக்கக் கண்ணாடியும் மெலிதாக ஒரு பிம்பம் காட்டும், முகத்துக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். பூச்சு முன்பக்கமே இருக்கும் கண்ணாடி பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களுக்குள் இருக்கிறது. பஸ் நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாய், ஓடாத இயந்திரம் ஒன்றைக் காட்டி, "கழத்திக்கோங்க. தொட்டா ரேகை விழுந்துரும், பூ மாதிரி எடுங்க" என்றார். நீளமான பட்டைகளாக இரண்டு கிடைத்தன. பலகையில் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே கறுப்பு அடித்து, நாலு விரல் இடைவெளியில் இரண்டையும் நிறுத்தினேன். ஒன்று லென்ஸின் ஓரத்தில், மற்றது அதற்கு வெளியே. வெளியே இருப்பதைச் சற்றே திருப்பினால் மேடைக்குப் பக்கவாட்டில் நிற்கிற ஆளை அது பிடிக்கும். அடியில் ஒரு கீல் வைத்தேன். பெட்டியைச் சாய்த்தால் அது லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும், நிமிர்த்தினால் விலகிவிடும்.

அடுத்த ஞாயிறு எடுத்த படத்தில் முந்தானை இடது தோளில் இருந்தது. மச்சம் வீடு திரும்பியிருந்தது. அம்மா மகளைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியமே ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குப் போய்விட்டேன். மேடைக்கு இடது புறம் ஒரு தூண் இருந்தது. அம்மா மணமக்கள் அளவுக்கே தெரிய வேண்டும் என்றால், கேமராவிலிருந்து மணவறை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அவள் நிற்க வேண்டும். அளக்க அம்மாவின் தறியில் நெய்த பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்றை எடுத்துப்போயிருந்தேன். கேமராக் காலில் கட்டி மணவறை வரை விரித்து, அந்த அளவில் முடிச்சுப் போட்டு, அதையே தூண் பக்கம் திருப்பினேன். முடிச்சு விழுந்த இடத்தில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டேன். தூணடி இருட்டாக இருந்தது. அலங்காரம் செய்ய வந்தவரிடம் கெஞ்சி, அந்தத் தூணுக்கும் மேடையில் போட்டது போல ஒரு விளக்கு வாங்கினேன்.

அத்தை அதற்குள் வந்துவிட்டாள். "என்னலே இது, கால்ல கெட்டுப் போட்டுக்கிட்டு நிக்கு ஒங் கேமரா?"

"அளவு எடுக்கேன் அத்தை."

பெட்டியைப் பார்த்தாள். "இதென்ன, பயாஸ்கோப்பு காட்டப் போறியா? பொண்ணுக்கு அண்ணன்காரன் மேடையில நிக்கணும். வெள்ளன வேட்டியக் கெட்டிக்கிட்டு வந்து சேரு."

"நான் கேமராவுக்குப் பின்னாலதான் நிப்பேன்."

"ஒன் தங்கச்சிலே."

"அம்மா ஏறாத மேடையில எனக்கும் வேலை இல்ல."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, சமையல்காரர் கூப்பிட்டதால் போய்விட்டாள். அவளிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

முகூர்த்தம் காலையில். மண்டபம் நிறைந்துவிட்டது. அண்ணாச்சி இன்னொரு கேமராவோடு மேடையில் நின்றார். என்னுடையது நடுப்பாதையில், மூன்று கால் ஸ்டாண்டில் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய எல்இடி திரைக்கு என் கேமராவிலிருந்துதான் கேபிள் போனது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டுமே.

அம்மா சந்தன நிறச் சேலையில், கோலமாவு வட்டத்தில் வந்து நின்றாள். அட்சதைத் தட்டை ஒரு பெண் எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு முன்னால் வந்ததும் தட்டு நிற்காமல் அடுத்த ஆளிடம் போனது. அம்மா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது மேடையில் இருந்து அத்தை அவளைக் கண்டுவிட்டாள். மாமாவின் கையில் சொம்பைக் கொடுத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தாள். "ஏட்டி, இங்க எதுக்கு நிக்க? எல பத்துமான்னு உள்ள போயிப் பாரு."

அம்மா அசைந்தால் எல்லாம் போயிற்று. நான் கேமராவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஐயர் மாப்பிள்ளையின் கையில் தாலியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல பத்தும் மதினி" என்றாள் அம்மா.

"உள்ள போன்னேன்."

"எம் மவன் இங்க நிக்கச் சொல்லிருக்கான். நான் மேடைய மிதிக்கல. நிக்கேன்."

உரத்த குரல் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி அம்மாவுக்குச் சின்னதாகப் பேசினாலும் எட்டும் குரல் வாய்த்திருந்தது. கெட்டிமேளம் எழுந்தது. அத்தை திரும்பி ஓட வேண்டியதாயிற்று. நான் பெட்டியைச் சாய்த்தேன்.

திரையில் என் தங்கச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் போயிருந்தன. திரையின் இடப்பக்கம், அவளுக்குக் கையெட்டும் தூரத்தில், சந்தன நிறச் சேலையில் அம்மா நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பின்வரிசையில்தான் சத்தம் எழுந்தது.

"ஏ, பொண்ணோட அம்மால்லா அது?"

"மேடையில இல்லியே. அந்தா தூண்ட்ட நிக்கா பாரு."

"அப்ப டிவியில நிக்கது யாரு?"

தலைகள் திரைக்கும் தூணுக்குமாகத் திரும்பின. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். எல்லாரும் அட்சதையை வீசினார்கள். அப்போதுதான் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வீட்டிலிருந்தே அரிசியில் மஞ்சளைப் பிசறி முடிந்து வந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. கையை ஓங்கி மேடையைப் பார்த்து வீசினாள். தூணுக்கும் மேடைக்கும் நடுவில், வெறுந்தரையில் அந்த அரிசி விழுந்தது. திரையில் அது மகளின் தலையை நோக்கிப் போனது. ஒற்றைக் கண்ணாடி வைத்திருந்தால் எதிர்ப்பக்கம் பறந்து போயிருக்கும்.

கேபிள் செருகியிருந்தது மறந்துவிட்டது என்று பிற்பாடு அண்ணாச்சியிடம் சொன்னேன். மறக்கவில்லை.

தாலி ஏறியதும் அத்தை என்னைப் பந்திக் கூடத்துக்குப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமாவும் அண்ணாச்சியும் பின்னாலேயே வந்தார்கள். அம்மா வாசலில் நின்றாள்.

"யாரக் கேட்டுலே அவள மேடையேத்துன?"

"ஏத்தல அத்தை. தூண்கிட்ட நின்னாவ. நீங்கதான வந்து பேசிட்டுப் போனிய."

"ஊரே பாத்துச்சு, பிள்ள பக்கத்துல நின்னத."

"அங்கன நின்ன அம்மா மேல பட்ட வெளிச்சம் அது. அத நான் திருப்பி விட்டேன், அம்புட்டுதான்."

"ஒன்னயப் பள்ளிக்கொடத்துல சேத்தவ நான். எனக்கே பாடம் நடத்துத, என்ன?"

"நீங்க சேத்துவிட்ட எடத்துல படிச்சதத்தான் செஞ்சேன் அத்தை."

அவள் கண் கலங்கியது. அது எனக்கு வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. "சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாவ? நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா இந்தப் பிள்ளையத்தானலே சொல்லுவாவ" என்றாள். அவளுடைய பயம் முழுவதும் அதுதான் என்று அப்போது விளங்கியது. பிறகு குரலை இறக்கினாள். "சரி, நடந்தது நடந்துச்சு. ஆல்பத்துல அது வேண்டாம். கம்ப்யூட்டர்ல அவள அழிச்சுரு. அந்த எடத்துல எந்தம்பிய வையி. எடந்தான் சரியா இருக்கே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அங்கே நின்றவளை அழித்து, அங்கே இல்லாதவரை வைத்தால் அது நிஜப் படம். நான் எடுத்தது பொய்ப் படம்.

"அப்பாவ வேற பக்கத்துல வைக்கேன். நீங்க கேட்ட மாதிரி பேனாவோட வைக்கேன். அம்மாவ அழிக்க மாட்டேன்."

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தம்பி, வேற பையன வச்சு..." என்று இழுத்தார்.

"மெமரி கார்டு என் பையில இருக்கு அண்ணாச்சி. வேணும்னா என்னய வேலையவிட்டு எடுத்துருங்க. கார்டு தர மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். அத்தையின் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, அந்த டிவியில சம்பந்தியம்மா வந்தாவளாமே. நான் தட்ட எடுக்கக் குனிஞ்சிட்டேன், பாக்காம போச்சு. இன்னொரு தடவ போட முடியுமா?" என்று கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பிடப் போகலாம் என்றார்.

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அடைத்துப் பெரிதாக வைத்தேன். அப்பாவும் வேறொரு பக்கத்தில் பேனாவோடு நிற்கிறார். அண்ணாச்சி என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. சோழபுரத்திலிருந்து ஒரு பெண் தன் தம்பியோடு வந்து, "அம்மாவ மேடையேத்தாம நிக்க வைக்கிற கேமரா இங்கதான இருக்கு?" என்று கேட்ட அன்றுதான் பேசினார்.

கல்யாணமான கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வன்னியம்பட்டி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். அத்தைக்கு அது போதும். வந்து உட்கார்ந்து, "நான் சொன்னேனா இல்லியா" என்று ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை முட்டியில் கட்டியிருந்த பேண்டேஜைத் தடவிக்கொண்டே சொன்னார். "குறுக்க ஒரு நாய் வந்துச்சு பெரியம்மா. அதுக்குப் புருசன் இருக்கானா இல்லியான்னு நான் விசாரிக்கல."

தங்கச்சிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அத்தை உள்ளே நுழைந்ததும் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எங்கலே அந்தப் பெட்டி?"

"பரண்ல கெடக்கு அத்தை."

"அங்கயே கெடக்கட்டும். இன்னைக்கும் எதாவது வித்த காட்டிராத."

"காட்டல."

உண்மையில் அன்று காலை பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தேன். அம்மாதான் அதைத் திரும்பப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு வேண்டாம்" என்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தங்கச்சியை மனையில் உட்காரவைத்தார்கள். சந்தனம், குங்குமம், தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல்கள். முதல் வளையலை யார் போடுவது என்று பேச்சு வந்தது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். தாம்பாளத்திலிருந்து பச்சை வளையல் இரண்டை எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கூடியிருந்தவர்கள் அத்தையைப் பார்த்தார்கள்.

"ஏட்டி" என்றாள் அத்தை.

"இங்க மேடை இல்ல மதினி. இது நான் தறி ஓட்டிக் கெட்டுன வீடு" என்றாள் அம்மா. அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சி இரண்டு கைகளையும் அம்மாவுக்கு நேராக நீட்டினாள்.

நான் எடுத்தேன். வெறும் லென்ஸ், வெறும் ஜன்னல் வெளிச்சம். அம்மாவின் முந்தானை இடது தோளில், மச்சம் இடது கன்னத்தில். அந்தப் படத்தின் ஓரத்தில் அத்தை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அதை வெட்டிவிடச் சொல்லி இன்றுவரை கேட்கிறாள். நான் வெட்டவில்லை.